பத்துப் பேரும் ஒரு கேள்வியும்

பெரிய சர்வகலாசாலை ஒன்றின் வளாகத்தில் ஒரே கூரையின் கீழ் இரண்டு காரியங்கள் நடைபெறுகின்றன: கீழ்த்தளத்து வகுப்பறையில், விடை ஏற்கெனவே தெரிந்துவிட்ட விஷயங்களை இளைஞர்களுக்குப் போதிக்கும் காரியம் ஒன்று; மாடியிலுள்ள ஆய்வுக்கூடத்தில், இன்னும் யாருக்குமே விடை தெரியாத கேள்விகளோடு மல்லுக்கட்டும் காரியம் மற்றொன்று. ஆசிரியர் தினந்தோறும் இரண்டு தளங்களுக்கும் ஏறி இறங்குகிறார். இளநிலை மாணவனோ, மூன்று நான்கு வருஷங்கள் அந்த வளாகத்திலேயே காலம் கழித்துப் பட்டமும் பெற்று வெளியேறும்போது, மாடியில் என்னதான் நடக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. 1810-ல் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் யோசனைப்படி பெர்லின் நகரில் சர்வகலாசாலை நிறுவப்பட்டபோது, போதனையும் ஆராய்ச்சியும் பிரிக்கத் தகாதவை என்பதே அதன் அஸ்திவாரக் கொள்கையாக இருந்தது. அந்தக் கொள்கையை உலகம் மரியாதையோடு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, முனைவர் பட்டத்துக்கு உழைப்பவர்களோடு அதை நிறுத்தியும் கொண்டது.

மாடிப்படியைக் கீழ்த்தளத்தாருக்கும் திறந்துவிடுவதற்காக அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் பிரயத்தனங்களில் மிகுந்த சுவாரஸ்யம் உடையது, ரசாயனம் படிப்பவனையும், பொருளாதாரம் படிப்பவளையும், இயந்திரப் பொறியியல் மாணவனையும், அரசியல் சாஸ்திர மாணவியையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, ஓர் ஆசிரியரைத் துணைக்கு அமர்த்தி, விடை தெரியாத ஒரே கேள்வியை அவர்கள் நடுவில் வைத்துவிட்டு, வருஷக்கணக்கில் அவகாசம் கொடுக்கிற ஏற்பாடு. பல துறை அறிவு ஒன்றுசேர்கிறது என்பதை இதன் பெருமையாகச் சொல்வது வழக்கம். என் அபிப்பிராயத்தில் அதைவிட முக்கியமானவை இரண்டு: இளம் வயதிலேயே தொடங்குவது, நெடுநாள் அதிலேயே நிலைத்திருப்பது.

இந்த வரலாற்றின் ஆரம்பத்தில் நிற்பவர், வேடிக்கை என்னவென்றால், கல்லூரிப் படிப்பை முடிக்காத ஒருவர். எடுத்த நிமிஷத்திலேயே படத்தைக் கையில் கொடுத்துவிடும் போலராய்டு காமிராவைக் கண்டுபிடித்த எட்வின் லேண்ட், ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே வெளியேறியவர். 1957 மே மாதத்தில் எம்.ஐ.டி. என்று உலகம் அறிந்த மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் ஒரு பிரசங்கம் நிகழ்த்தினார். பெரிய காரியங்களைச் செய்யும் ஆசையோடு வந்து சேருகிற பதினெட்டு வயது இளைஞனை, பொறு, இன்னும் சில ஆண்டுகள் பாடம் கேட்டு முடி என்று வருஷக்கணக்கில் காக்கவைத்தால், அந்த ஆசையே அவனிடத்தில் அவிந்துபோகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். ஆகையால் முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவனுக்கும் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி இருக்க வேண்டும், அதில் அவனுக்கு வழித்துணையாக அநுபவசாலி ஒருவர் இருக்க வேண்டும் என்று அவர் வாதித்தார். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரின் சமையலைக் குறை சொன்னதுபோல இருந்த அந்தப் பிரசங்கம், கேட்டவர்கள் எழுந்துபோனவுடன் மறைந்துவிடவில்லை. பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் 1969-ல், அதே கழகத்தில் பௌதிகம் படித்துத் தேறி ஆசிரியையாகவும் ஆகியிருந்த மார்கரெட் மக்விகர் என்னும் இளம் பெண்மணி, லேண்டின் பொருளுதவியோடு, இளநிலை மாணவர்களுக்கு ஆராய்ச்சி வாய்ப்பளிக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அப்போது அவர் தமது இருபதுகளின் நடுவில்தான் இருந்தார். மாணவர்கள் 'யூராப்' என்று சுருக்கமாக அழைக்கும் அந்தத் திட்டத்தில், இன்று அங்கே பட்டம் பெறுவோரில் பத்தில் ஒன்பது பேர் ஒரு தடவையேனும் பங்குகொள்கிறார்கள்.

ஆனால் யூராப் என்பது, சிற்பியிடம் சீடன் போய்ச் சேருவதைப் போல, ஒரு பேராசிரியரிடம் ஒரு மாணவன் போய்ச் சேரும் ஏற்பாடு. பேராசிரியரின் கேள்வி, பேராசிரியரின் கருவிகள், பேராசிரியரின் துறை; மாணவன் அதில் ஒரு கை கொடுக்கிறான். அதற்கு மாறாக, கேள்வியையே மாணவர்களிடம் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பரீட்சித்துப் பார்க்கத் துணிந்த இடம், வாஷிங்டன் நகரத்தை ஒட்டி காலேஜ் பார்க்கில் இருக்கும் மேரிலாந்து சர்வகலாசாலை. அங்கே பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்த வில்லியம் டெஸ்லர் 1996-ல் 'ஜெம்ஸ்டோன்' என்ற பெயரில் தொடங்கிய திட்டம், நான்காண்டுப் பட்டப்படிப்பின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. சிறப்புக் கல்லூரிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான் இதில் சேர்கிறார்கள் என்றாலும், எந்தப் பாடத்தை எடுத்தவர்களும் சேரலாம். முதலாண்டு முழுவதும் கேள்வியைத் தேடுவதிலேயே போகிறது. மாணவர்கள் தங்களுக்குத் தோன்றிய யோசனைகளைச் சபையில் வைக்கிறார்கள், பலவற்றைக் கழிக்கிறார்கள், மிஞ்சியவற்றில் தத்தமக்குப் பிடித்ததைச் சுற்றிப் பத்துப் பேர் அளவில் குழுக்களாகச் சேருகிறார்கள், அந்தக் குழுவுக்கு ஏற்ற ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். இரண்டாம் ஆண்டில் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி நிபுணர்களின் அபிப்பிராயம் பெறுவது, மூன்றாம் ஆண்டில் பரிசோதனை, நான்காம் ஆண்டில் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே ஆய்வேட்டை எழுதி, வெளியிலிருந்து வரும் நிபுணர் குழுவின் முன் நின்று அதை நிலைநாட்டுவது என்று படிப்படியாகக் காரியம் செல்கிறது.

கேட்பதற்கு நேர்த்தியாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்குள் நடக்கும் சச்சரவை உணர வேண்டுமானால், உதாரணமாகச் சீசபீக் விரிகுடாவை எடுத்துக்கொள்ளலாம். மேரிலாந்தை இரண்டாகப் பிளந்துகொண்டு கிடக்கும் இந்த விரிகுடா, அமெரிக்காவின் மிகப் பெரிய கழிமுகம். ஆறு ராஜ்யங்களின் மழைநீர் வடிந்து வந்து சேருமிடம். நீலநண்டுக்கும் சிப்பிக்கும் பேர்போனது. அதன் கிழக்குக் கரையில் கோழிப் பண்ணைகள் ஏராளம். பண்ணைக் கழிவை எருவாக வயலில் இடுகிறார்கள்; மழை பெய்தால் அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஓடைகள் வழியே விரிகுடாவுக்குப் போகின்றன; அவற்றைத் தின்று பாசி மிதமிஞ்சிப் படர்கிறது; படர்ந்த பாசி மடிந்து அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு செலவழிந்து போகிறது; கோடைகாலத்தில் அடித்தண்ணீரில் மீனும் நண்டும் மூச்சுவிட முடியாத பிரதேசங்கள் உண்டாகின்றன. 2010-ல் மத்திய சுற்றுச்சூழல் நிறுவனம், இந்த விரிகுடாவுக்குள் இவ்வளவுக்கு மேல் இவை வந்து சேரக்கூடாது என்று உச்சவரம்பு விதித்தது.

இப்போது, வயலிலிருந்து ஓடைக்குப் போகும் பாஸ்பரஸை வழியிலேயே எப்படித் தடுப்பது என்ற கேள்வியை ஒரு மாணவர் குழு எடுத்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். ரசாயனப் பொறியியல் மாணவனுக்கு இது வடிகட்டிப் பிரச்சினை. ஓடைக்கரையில் எந்தப் பொருளை நிரப்பினால் பாஸ்பரஸ் அதில் ஒட்டிக்கொள்ளும் என்று சோதனைக் குழாய்களோடு உட்கார்ந்துவிடுவான். உயிரியல் மாணவி, வடிகட்டியின் கீழே உள்ள ஓடையில் புழு பூச்சிகளின் கதி என்னவாகும் என்று கேட்பாள். அதற்குக் குறைந்தபட்சம் ஒரு முழு வருஷமாவது மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பாள். பொருளாதாரம் படிப்பவளோ, இவர்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, இந்த வடிகட்டியை எந்த விவசாயி காசு கொடுத்து வாங்கப்போகிறான் என்ற ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவாள். விவசாயியைப் பேட்டி காண வேண்டும் என்று தீர்மானமானால், இருபது பேரிடம் விரிவாகப் பேசியதை ஆதாரம் என்று சமூகவியல் மாணவன் கொண்டுவந்து வைப்பான். இருபது பேர் ஓர் எண்ணிக்கையா என்று பொறியியல் மாணவன் சிரிப்பான். நீ மூன்று சோதனைக் குழாய்களை வைத்துக்கொண்டு பேசுகிறாயே என்று பதில் வரும்.

ஒரு துறை மாணவர்களே கூடிய வகுப்பில் இந்த வாக்குவாதம் எழுவதற்கே இடமில்லை. எது அத்தாட்சி, எத்தனை தடவை அளந்தால் போதும், எந்த விஷயத்தை விட்டுவிட்டாலும் பாதகமில்லை என்பனவெல்லாம் அங்கே முதல் ஆண்டிலேயே சொல்லாமல் சொல்லிக் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. மாணவன் அவற்றைத் தன் துறையின் வழக்கம் என்று உணராமல், உலகத்தின் நியதி என்றே எண்ணிக்கொண்டு பட்டம் பெறுகிறான். வேறு வழக்கத்தில் வளர்ந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து, ஏன் என்று கேட்கும்போதுதான் தன்னுடைய துறை எங்கே கெட்டியாக நிற்கிறது, எங்கே பழக்கத்தால் மட்டும் நிற்கிறது என்பதை அவன் காண்கிறான். இதற்குக் காலம் பிடிக்கிறது. முதல் ஆறு மாதங்கள் உபசார வார்த்தைகளிலேயே கழியும், பிறகுதான் சண்டை, சண்டைக்குப் பிறகுதான் வேலை. ஒரு பருவத்துக்குள் முடித்துக்கொள்ளும் குழுக்கள் பெரும்பாலும் உபசாரக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

வழிகாட்டும் ஆசிரியரின் நிலைமை இதில் சங்கடமானது. ரசாயனப் பேராசிரியர் ஒருவருக்கு விவசாயிகளின் மனப்போக்கைப் பற்றி மாணவர்களைவிட அதிகமாக ஒன்றும் தெரிந்திருக்க நியாயமில்லை. வகுப்பறையில் இருபது வருஷம் விடை சொல்லிப் பழகிய வாய், இங்கே தெரியவில்லை, யாரைக் கேட்டால் தெரியும் பார்ப்போம் என்று சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழு தவறான வழியில் போகிறதென்று தெரிந்தும், இரண்டு வாரத்தில் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்றால் பேசாமலிருப்பதும், ஒரு வருஷம் வீணாகும் என்றால் குறுக்கிடுவதும் எந்த நூலிலும் எழுதப்படாத வித்தை. ஜெம்ஸ்டோன் திட்டத்தில் நான் மிகவும் ரசித்த அம்சம் ஒன்றுண்டு: ஒவ்வொரு குழுவுக்கும் ஆசிரியரைத் தவிர, சர்வகலாசாலை நூலகத்தைச் சேர்ந்த நூலகர் ஒருவரையும் இணைத்துவிடுகிறார்கள். உலகத்தில் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்ட காரியத்தை மறுபடியும் செய்து மூன்று வருஷத்தைத் தொலைக்காமல் காப்பாற்றுகிறவர் அநேகமாக அவர்தான். நம் ஊர்க் கல்லூரி நூலகர்களைப் புத்தகம் வாங்கி வைப்பதற்கும் முத்திரை குத்துவதற்கும் மட்டுமே உபயோகித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

ஜெம்ஸ்டோனுக்கு நேர் எதிரான சித்தாந்தத்தில் வளர்ந்தது இன்னொரு மரபு. இந்தியானா ராஜ்யத்தின் பர்டூ சர்வகலாசாலையில் 1995-ல் லியா ஜேமிஸன், எட்வர்டு காயில் என்னும் இரண்டு மின்பொறியியல் பேராசிரியர்கள், நாற்பது மாணவர்களை ஐந்து குழுக்களாகப் பிரித்து, சுற்றுவட்டாரத்துத் தர்ம ஸ்தாபனங்களுக்குத் தேவையான சாதனங்களைச் செய்துகொடுக்கும் 'எபிக்ஸ்' திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் அநுபவத்தைக் கொண்டு காயில் 2001-ல் 'வி.ஐ.பி.' என்று வழங்கப்படும் திட்டத்தை ஆரம்பித்து, பிறகு அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா டெக்குக்குப் போனபோது அங்கேயும் அதை வளர்த்தார். இன்று அது வேறு பல நாடுகளின் சர்வகலாசாலைகளுக்கும் பரவியிருக்கிறது. இதில் கேள்வி பேராசிரியருடையது. அவர் நிஜமாகவே ஈடுபட்டிருக்கும் ஆராய்ச்சியிலிருந்து வருவது. ஆனால் குழு ஒருபோதும் கலைவதில்லை. இரண்டாம் ஆண்டு மாணவன், மூன்றாம் ஆண்டு மாணவி, இறுதி ஆண்டுக்காரர்கள், அவர்களுக்கு மேலே முனைவர் பட்ட ஆராய்ச்சியாளர் என்று பல வயதினர் ஒரே குழுவில் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் மேல்படியில் இருப்பவர்கள் பட்டம் பெற்று விலக, கீழே புதியவர்கள் வந்து சேருகிறார்கள். பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ கிரெடிட்தான். ஆயினும் விரும்புகிறவர்கள் பல பருவங்கள் தொடர்ந்து அதிலேயே இருக்கலாம். நம் கூட்டுக்குடும்பங்களில் மூத்த மருமகள் இளைய மருமகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, மூத்த மாணவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவதைப் பேராசிரியர் மறுபடியும் சொல்லத் தேவையில்லை.

ஆள் மாறிக்கொண்டே இருக்கும் குழுவுக்கு ஞாபகசக்தி எங்கிருந்து வரும் என்பதற்கு அவர்கள் கண்ட விடை ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே அதை வைத்துக்கொள்கிறார்கள். தேதி; கூட்டத்துக்கு வந்தவர்கள்; இன்ன வேலை தன் பொறுப்பு என்று ஒப்புக்கொண்ட குறிப்பு; கைப்பட வரைந்த சித்திரம்; அளந்த எண்; அந்த அளவு ஏன் சரியில்லை என்ற சந்தேகம் எல்லாம் அன்றன்றைக்கே அதில் ஏறவேண்டும். நாலு வருஷத்துக்குப் பிறகு வருகிற மாணவி அந்தப் பக்கத்தைப் புரட்டி, இந்த வழியில் ஏற்கெனவே போய் முட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள முடிந்தால் அதுவே அந்த நோட்டின் பயன். மதிப்பெண் வழங்கும்போதும், பதிவுகளுக்கு ஒரு பங்கு, சொந்தமாகச் சாதித்ததற்கு ஒரு பங்கு, குழுவோடு இணைந்து உழைத்ததற்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். சகமாணவர்களின் மதிப்பீடும் அதில் சேர்கிறது. பத்துப் பேர் சேர்ந்த இடத்தில் மூவர் உழைக்க எழுவர் கையெழுத்துப் போடும் வியாதி உலகத்துக்கே பொதுவானதாகையால், இந்தக் கடைசி ஏற்பாடு அவசியந்தான். ஆனாலும் சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாத இருபது வயதுப் பிள்ளைகளிடத்தில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இவ்வளவு சிரமப்பட்டு நடத்துவதால் பலன் உண்டா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று. தாமாக முன்வந்து ஆராய்ச்சிக்குழுவில் சேருகிறவர்கள் இயல்பாகவே ஊக்கமுள்ளவர்கள். அவர்கள் பின்னால் நன்றாக வருவதைக் காட்டித் திட்டத்தின் மகிமை என்பது, நல்ல விதையை எடுத்துக்கொண்டு போனவன் எருவைப் புகழ்வதாகவும் முடியலாம். இந்த ஆட்சேபத்தைப் பொருட்படுத்திச் செய்யப்பட்ட ஆய்வு ஒன்று டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து 2016-ல் வெளிவந்தது. அங்கே 2005 முதல், முதலாண்டு மாணவர்களையே நூற்றுக்கணக்கில் ஆராய்ச்சியில் இறக்கிவிடுகிறார்கள். முதல் பருவத்தில் ஆராய்ச்சி முறைகளைப் பற்றிய பாடம், அடுத்த இரண்டு பருவங்களும் நிஜமான ஆய்வுக்கூட வேலை. பேராசிரியரின் நேரத்தையே நம்பியிராமல், முனைவர் பட்டம் பெற்ற ஒருவரை ஒவ்வொரு பிரிவுக்கும் முழுநேர ஆராய்ச்சிப் போதகராக நியமித்திருப்பது இதன் விசேஷம். இந்த மூன்று பருவங்களையும் முடித்த மாணவர்களை, சேரும்போது எல்லா விதத்திலும் அவர்களுக்கு நிகராக இருந்தும் திட்டத்தில் சேராதவர்களோடு ஒப்பிட்டபோது, ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறும் வாய்ப்பு 66 சதவீதத்திலிருந்து 83 சதவீதமாகவும், விஞ்ஞான, கணித, பொறியியல் துறைகளிலேயே நிலைத்துப் பட்டம் பெறும் வாய்ப்பு 71 சதவீதத்திலிருந்து 94 சதவீதமாகவும் உயர்ந்திருந்தது. மதிப்பெண் சராசரியிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசமே காணப்படவில்லை. அதாவது, ஆராய்ச்சி அவர்களைப் பரீட்சையில் கெட்டிக்காரர்களாக்கவில்லை. படிப்பை விட்டு ஓடாதவர்களாக ஆக்கியது.

ஆசிரியர் தரப்பிலுள்ள குறை இதைவிடச் சுலபமாகச் சொல்லக்கூடியது. வாரந்தோறும் ஒரு குழுவோடு உட்காருவதும், பத்து நோட்டுப் புத்தகங்களைப் படிப்பதும், சச்சரவைத் தீர்ப்பதும் பதவி உயர்வுக் கணக்கில் அநேகமாக ஏறுவதில்லை, கட்டுரைகள் ஏறுகின்றன. பேராசிரியரின் சொந்த ஆராய்ச்சியிலிருந்தே கேள்வியை எடுக்கும் வி.ஐ.பி. முறை வேகமாகப் பரவியதற்கும், மாணவர்கள் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் ஜெம்ஸ்டோன் முறை அவ்வளவாகப் பரவாததற்கும் இந்த லௌகிகமான காரணம் போதும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதிப் பருவத்துப் 'ப்ராஜெக்ட்' என்பது, ஒரே துறையைச் சேர்ந்த மூன்று நான்கு பேர் சேர்ந்து சில மாதங்களில் முடித்துக் கொடுக்கும் சடங்காகப் பெரும்பாலும் நின்றுவிட்டது என்பதும், அதையும் தயார்நிலையில் விற்கிற கடைகள் நகரங்களில் இருக்கின்றன என்பதும் நாடறிந்த விஷயம். ஆயினும் இங்கே வேறு மாதிரியும் நடந்ததுண்டு. 2011 அக்டோபர் 12-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-18 ராக்கெட்டில் சென்ற எஸ்.ஆர்.எம்.சாட், சென்னையை அடுத்த காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம். சர்வகலாசாலையின் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உருவாக்கிய 10.9 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள். வளிமண்டலத்தில் கரியமில வாயுவையும் நீராவியையும் கவனிப்பது அதன் நோக்கம். சட்டகம் செய்பவர், மின்கலத்தைக் கவனிப்பவர், வானொலித் தொடர்பு அமைப்பவர், மென்பொருள் எழுதுபவர் ஆகிய யாரும் மற்றவரைக் கலக்காமல் ஓர் ஆணியைக்கூட மாற்ற முடியாது என்பதால், செயற்கைக்கோளைப் போலத் துறைகளைக் கட்டாயமாக ஒன்றுசேர்க்கும் வேலை வேறு இல்லை.

நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பு, இளநிலைப் படிப்பை நான்காண்டாக நீட்டி, நான்காம் ஆண்டில் ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்ய வழி வகுத்திருக்கிறது. முதல் ஆறு பருவங்களில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர்களுக்கே அந்த ஆராய்ச்சிப் பிரிவு என்பது நிபந்தனை. லேண்ட் எதைக் குற்றமென்று சொன்னாரோ, அந்தக் காத்திருப்பே இங்கே விதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆராய்ச்சியால் மதிப்பெண் உயரவில்லை, படிப்பில் பிடிப்புத்தான் உயர்ந்தது என்று டெக்ஸாஸ் ஆய்வு காட்டியிருக்க, மதிப்பெண்ணையே அதற்கு நுழைவுச் சீட்டாக வைத்திருப்பது எனக்கு விபரீதமாகப் படுகிறது. ஆனால் அந்த நிபந்தனை நான்காம் ஆண்டுப் பிரிவைப் பற்றியதுதான். இரண்டாம் ஆண்டு மாணவர்களை வேறு வேறு துறைகளிலிருந்து கூட்டி ஒரு குழு அமைக்க அது குறுக்கே நிற்கவில்லை. குறுக்கே நிற்பது கால அட்டவணை. ரசாயனத்துக்குச் செவ்வாய் பிற்பகலில் செய்முறை வகுப்பு, பொருளாதாரத்துக்கு வெள்ளிக்கிழமை காலையில் பாடம், கணிதத்துக்கு இரண்டு நேரத்திலும் வகுப்பு என்று ஒவ்வொரு துறையும் தனித்தனியே நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கும் கல்லூரியில், ஐந்து துறை மாணவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி ஒருசேர உட்காரும் மணி வாரத்தில் ஒன்றுகூட இருப்பதில்லை. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வாரத்தில் ஒரு பிற்பகலைக் காலியாக விடுவதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. கல்லூரி முதல்வர் ஜூன் மாதத்தில் அட்டவணைத் தாளை எடுத்து உட்காரும்போது அதைக் கவனித்தால் போதும்.